பழைய கார் வாங்கலாமா? பெட்ரோலா, டீசலா?



"டீசல் விலை கம்மி, மைலேஜும் ஜாஸ்தி. அப்போ டீசல் கார்தானே லாபம்?" என்று நம் ஊரில் பலரும் சொல்வார்கள். இது பாதி உண்மைதான். மீதிப் பாதியை நாம் படித்த அறிவியலையும் கணக்கையும் வைத்தே கண்டுபிடிக்கலாம். வாங்க பார்ப்போம்.

எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது?

நான்கு வீச்சு எஞ்சினை 1876-இல் உருவாக்கியவர் ஜெர்மனியைச் சேர்ந்த நிக்கோலஸ் ஓட்டோ. உறிஞ்சுதல், அமுக்குதல், எரிந்து தள்ளுதல், புகையை வெளியேற்றுதல் என்பவையே அந்த நான்கு வீச்சுகள். பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையைச் சுமார் 10 மடங்கு அமுக்குவார்கள். பிறகு ஸ்பார்க் பிளக் ஒரு பொறி வைக்கும். உடனே அது எரியும்.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது! அப்போ எப்படி எரியுது? சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். காற்றை அமுக்கினால் சூடாகும். டீசல் எஞ்சின் காற்றை மட்டும் 16 மடங்கு, அதற்கு மேலும்கூட அமுக்குகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். இதை 1897-இல் செய்து காட்டியவர் ருடால்ஃப் டீசல். அவர் பெயர்தான் எண்ணெய்க்கும் வந்துவிட்டது.

அதிகமாக அமுக்குவதால் எரிபொருளின் சக்தி வீணாவது குறைகிறது. ஒரு லிட்டர் டீசலில் சக்தியும் பெட்ரோலைவிடக் கொஞ்சம் அதிகம். அதனால்தான் மைலேஜ் கூடுகிறது. ஆனால் அந்த அழுத்தத்தைத் தாங்க எஞ்சின் கனமாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். இன்ஜெக்டர், டர்போ போன்ற பாகங்களும் விலை கூடியவை. ஆகவே வண்டி விலையும் கூடும், ரிப்பேர் செலவும் கூடும்.

இப்போது கணக்கு

எங்கள் வீட்டில் ஆயாவுக்கு வாரம் மூன்று நாள் தருமபுரியில் டயாலிசிஸ். ஒரு வழிக்கு 22 கி.மீ. ஊசி குத்திய கையோடு பஸ்ஸில் நின்றுகொண்டு வர ஆயாவால் முடியவில்லை. அதனால் அம்மாவின் குழுக் கடனையும், ஆயாவின் கம்மலை விற்ற பணத்தையும் சேர்த்து ஒரு பழைய கார் வாங்கலாம் என்று பேசினார்கள். மாமா இரண்டு கார் பார்த்து வந்தார். இரண்டுமே 2014 மாடல் மாருதி ஸ்விஃப்ட். ஒன்று 1197 சிசி பெட்ரோல், இன்னொன்று 1248 சிசி டீசல். "டீசலே எடுத்துடலாம்மா, கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்" என்றார் மாமா. நான் கண்ணைத் திறந்து கணக்கு போட்டேன்.

பெட்ரோல் கார்: விலை 2,20,000 ரூபாய். லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 16 கி.மீ என்று வைத்துக்கொண்டேன். ஒரு கி.மீ-க்கு 6.25 ரூபாய்.

டீசல் கார்: விலை 2,74,000 ரூபாய். லிட்டர் 92 ரூபாய், மைலேஜ் 20 கி.மீ. ஒரு கி.மீ-க்கு 4.60 ரூபாய்.

ஆக, டீசலில் ஒவ்வொரு கி.மீ-க்கும் 1.65 ரூபாய் மிச்சம். ஆனால் வாங்கும்போதே 54,000 ரூபாய் அதிகம். சர்வீசுக்கும் வருடம் 4,000 ரூபாய் கூட ஆகும் என்று மெக்கானிக் அண்ணன் சொன்னார். மூன்று வருடத்துக்கு 12,000. மொத்தம் 66,000 ரூபாய்.

ஓட்டும் தூரம் x கி.மீ என்றால்,
6.25x = 4.60x + 66,000
1.65x = 66,000
x = 40,000 கி.மீ

அதாவது மூன்று வருடத்தில் 40,000 கி.மீ-க்கு மேல் ஓட்டினால்தான் டீசல் லாபம். மாதத்துக்குச் சுமார் 1,110 கி.மீ.

நாங்கள் எவ்வளவு ஓட்டுவோம்? ஆஸ்பத்திரிக்கு வாரம் 132 கி.மீ, மாதம் சுமார் 570. கல்யாணம், காட்சி, கோயில் எல்லாம் சேர்த்து 720 என்று வைத்தாலும் மூன்று வருடத்தில் 25,920 கி.மீ. மிச்சமாவது 42,768 ரூபாய். கூடுதல் செலவு 66,000. ஆகவே டீசல் வாங்கினால் எங்களுக்கு 23,232 ரூபாய் நஷ்டம்!

"விக்கும்போது டீசலுக்குக் கூடக் கிடைக்குமே?" என்று அப்பா கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் 15 வருடம் ஆனதும் ஆர்.சி-யைப் புதுப்பிக்க வேண்டும். இந்தக் கார்களுக்கு அது 2029. அதனால் அந்தப் பணத்தை நம்பிக் கணக்கில் சேர்க்கவில்லை. மாமா நோட்டை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு, "பெட்ரோலே பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

டீசல் மட்டம் என்று நினைக்க வேண்டாம். இதே டீசல் ஸ்விஃப்டின் இழுவிசை 190 நியூட்டன் மீட்டர், பெட்ரோலுக்குச் சுமார் 115தான். தினமும் தூரம் ஓடுகிறவர்களுக்கும் பாரம் ஏற்றுகிறவர்களுக்கும் டீசல் நல்லது.

எந்தக் கார் ஆனாலும் இவற்றைப் பாருங்கள்

1. காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் முன்னாடியே ஓட்டி வைத்திருக்கிறார்கள்.
2. நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் எரிபொருள் சரியாக எரியவில்லை. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் மெக்கானிக்கிடம் காட்டாமல் வாங்கக் கூடாது.
3. மீட்டர் காட்டும் கி.மீ-ஐ மட்டும் நம்பாதீர்கள். பெடல் ரப்பர் தேய்மானத்தையும் சர்வீஸ் புத்தகத்தையும் பாருங்கள்.
4. ஆர்.சி-யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், அதை ரத்து செய்த பிறகே பணம் கொடுங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 வேண்டும்.

உங்களுக்கு ஒரு கணக்கு

ஒரு பூ வியாபாரி தினம் 60 கி.மீ, மாதம் 25 நாள் ஓட்டுகிறார். இரண்டு வருடம் மட்டுமே காரை வைத்திருப்பார். மேலே உள்ள விலைகளின்படி அவருக்கு டீசல் லாபமா, நஷ்டமா? விடை அடுத்த இதழில்!

விளம்பரத்தைக் கேட்டு வாங்காதே, கணக்கைக் கேட்டு வாங்கு!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி