செடித் தொட்டியில் நீர் குறைவது ஏன்?

கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு சிறு காட்டை வளர்க்கும் கலை இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. அடியில் மண், அதன்மேல் கற்களும் மரவேர்களும், அவற்றினிடையே பச்சைப் புல்வெளிபோல் படர்ந்த நீர்ச்செடிகள், ஊடே நீந்தும் சின்னஞ்சிறு மீன்கள். இக்கலைக்குப் புதுவழி காட்டியவர் ஜப்பானியரான தகாஷி அமானோ (1954–2015). அவர் நிறுவிய நிறுவனம் 2001 முதல் நடத்திவரும் உலகப் போட்டிக்குத் தொட்டியை எங்கும் எடுத்துச் செல்ல வேண்டுவதில்லை. நிழற்படம் அனுப்பினால் போதும். மீன்கள் இயல்பாக வாழும் சூழலை எவ்வளவு செம்மையாகப் படைத்திருக்கிறோம் என்பதே அங்கு முதன்மையாகப் பார்க்கப்படுகிறது.

ஆற்காட்டிலிருந்து ஆரணி செல்லும் சாலையில் உள்ள திமிரி போன்ற ஊரில் இருந்துகொண்டே ஒரு மாணவர் இத்தகைய போட்டிக்கோ, பள்ளி அறிவியல் கண்காட்சிக்கோ தொட்டி தயாரிக்கலாம். செடிகள் வேரூன்றித் தழைக்க இரண்டு, மூன்று மாதங்கள் ஆகும். அத்தனை நாள் உழைப்பையும் ஒரே இரவில் கெடுத்துவிடக்கூடியது எது தெரியுமா? கசிவு! அது செடியை மட்டும் கெடுப்பதில்லை. நீர் மின்கருவிமேல் வழிந்தால் உங்கள் உயிருக்கே ஊறு நேரலாம். எனவே தொட்டியில் நீர் எப்படிக் குறைகிறது, எங்கே கசிகிறது, கசிந்தால் என்ன செய்வது என்பவற்றை இயற்பியலின் துணைகொண்டு காண்போம்.

தொட்டி எவ்வளவு சுமையைத் தாங்குகிறது?

60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம் உள்ள தொட்டியில் 30 செ.மீ. உயரத்துக்கு நீர் நிரப்புவோம். நீரின் கன அளவு 54 லிட்டர். எடை 54 கிலோகிராம். மண், கல், கண்ணாடி ஆகியவற்றின் எடை இதற்கு மேல்.

நீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. அடிமட்டத்தில் அழுத்தம் 1000 × 9.8 × 0.30 = 2,940 பாஸ்கல். மேற்பரப்பில் நீரினால் ஏற்படும் அழுத்தம் சுழி. ஆகவே முன்பக்கக் கண்ணாடிமேல் சராசரி அழுத்தம் 1,470 பாஸ்கல். அக்கண்ணாடியின் நனைந்த பரப்பு 0.18 சதுர மீட்டர். இரண்டையும் பெருக்கினால் விசை ஏறத்தாழ 265 நியூட்டன். அதாவது 27 கிலோகிராம் எடையுள்ள மூட்டை ஒன்று இரவும் பகலும் அக்கண்ணாடியை வெளியே தள்ளிக்கொண்டிருப்பதற்குச் சமம்!

நீரின் உயரத்தை இரு மடங்காக்கி 60 செ.மீ. ஆக்கினால்? சராசரி அழுத்தமும் இரு மடங்காகும், நனையும் பரப்பும் இரு மடங்காகும். ஆகவே விசை நான்கு மடங்காகி 108 கிலோகிராம் எடைக்குச் சமமாகிவிடும். ஆழமான தொட்டிக்குத் தடித்த கண்ணாடி வேண்டும் என்பது இதனால்தான். நீளத்துக்கு இத்தொல்லை இல்லை. 2015-இல் லிஸ்பன் நகர நீர்வாழ் உயிரினக் காட்சியகத்தில் அமானோ அமைத்த தொட்டி 40 மீட்டர் நீளமுடையது. 1,60,000 லிட்டர் நீர் கொள்வது. ஆயினும் அதன் அடியில் உள்ள அழுத்தத்தை அதன் ஆழமே முடிவு செய்கிறது, நீளம் அன்று.

முதலில் கசிவது தொட்டியா, கருவியா?

தொட்டியை 75 செ.மீ. உயர மேசைமேல் வைத்து, நீரைத் தூய்மை செய்யும் வடிகட்டிக் கருவியைக் கீழே தரையில் வைப்பது வழக்கம். இரண்டையும் இரு குழாய்கள் இணைக்கின்றன. நீர்மட்டம் தரையிலிருந்து 105 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. வடிகட்டியின் மூடியில் உள்ள ரப்பர் வளையம் தரையிலிருந்து 35 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். இடைப்பட்ட உயரம் 70 செ.மீ. ஆகவே அவ்வளையத்தின்மேல் நீரினால் வரும் அழுத்தம் 6,860 பாஸ்கல். தொட்டியின் அடிமட்டத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல்!

கசிவு கண்டவுடன் கண்ணாடியை ஐயுறுவது பலரின் இயல்பு. ஆனால் அதிக அழுத்தத்தைத் தாங்குவது கண்ணாடியன்று. கீழேயுள்ள ரப்பர் வளையமும் குழாய் இணைப்புகளுமே. வீட்டில் குக்கரின் கேஸ்கட்டைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தாலும் ஆவி வெளியேறிவிடும் அல்லவா? வடிகட்டியின் வளையத்தில் ஒரு மணல் துகளோ தலைமயிரோ சிக்கினாலும் இதே கதைதான். மூடியைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் வளையத்தையும் அது அமரும் பள்ளத்தையும் துடைத்து, சிலிக்கோன் கிரீஸ் சிறிது தடவி மூட வேண்டும். வாசலின் போன்ற பெட்ரோலியப் பசைகள் சிலவகை ரப்பரை உப்பச் செய்துவிடும். அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

போட்டிக்கு நிழற்படம் எடுக்கும்போது அழகு கருதிக் குழாய்களை வெளியே எடுத்துவிடுவார்கள். படம் எடுத்தபின் திரும்ப மாட்டுகிறபோதுதான் இணைப்புகள் தளர்கின்றன. ஆகவே படம் எடுத்த அன்று இரவு ஒவ்வோர் இணைப்பின் கீழும் ஒரு நாளிதழ்த் தாளை விரித்து வையுங்கள். காலையில் எந்தத் தாள் நனைந்திருக்கிறதோ அங்கே கசிவு.

சிறு துளை, பெரு நட்டம்

விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் அற்பமாகத் தோன்றும். 20 சொட்டு ஒரு மில்லி லிட்டர் என்று கொண்டால், ஒரு நாளைக்கு 86,400 சொட்டுகள் 4.3 லிட்டருக்கு மேலாகின்றன!

ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை தொட்டியின் அடியில் விழுந்தால் என்ன ஆகும்? டாரிசெல்லியின் விதிப்படி நீர் வெளியேறும் வேகம் 2gh-இன் வர்க்கமூலம். அதாவது விநாடிக்கு 2.4 மீட்டர். துளையில் நீர்த்தாரை ஒடுங்குவதையும் கணக்கில் கொண்டால் மணிக்கு ஏறத்தாழ 4 லிட்டர் வெளியேறும். நீர்மட்டம் இறங்க இறங்க வேகமும் குறையும். அப்படியிருந்தும் நீங்கள் எட்டு மணி நேரம் தூங்கி எழுவதற்குள் ஏறத்தாழப் பாதித் தொட்டி நீர் தரைக்கு வந்திருக்கும்.

துளையே இல்லாமலும் நீர் வெளியேறலாம். பாசியின் நுனியோ நீண்ட இலையோ, துணியோ விளிம்பைத் தாண்டி வெளியே தொங்கினால், நுண்புழை ஏற்றத்தால் நீர் அதன் வழியே ஊர்ந்து ஏறி மறுபுறம் சொட்டும். செடித் தொட்டிகளுக்கே உரிய கசிவு இது. கத்தரிக்கோல்தான் இதற்கு மருந்து.

கசிவா, ஆவியாதலா?

வேலூர், ராணிப்பேட்டைப் பகுதிகளில் கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டுவதுண்டு. அப்போது தொட்டி நீர் ஆவியாகியும் குறையும். இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அகன்ற வாளி ஒன்றில் விளிம்பருகே வரை நீர் நிரப்பித் தொட்டியின் பக்கத்திலேயே வையுங்கள். இரண்டின் நீர்மட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். ஆவியாதலால் மட்டம் இறங்கும் அளவு பரப்பின் பெருமை சிறுமையைப் பெரிதும் சார்ந்ததன்று. எனவே இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு இறங்க வேண்டும். வாளியில் 5 மில்லிமீட்டரும் தொட்டியில் 15 மில்லிமீட்டரும் இறங்கியிருந்தால், மிச்சம் 10 மில்லிமீட்டர் கசிவு. நம் தொட்டியில் அது 1.8 லிட்டர்.

அடுத்து வடிகட்டியின் இரு குழாய்களையும் கழற்றிவிட்டுச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். மீன்கள் இருந்தால் காற்றுக்குமிழி வந்துகொண்டிருக்கட்டும். கசிவு நின்றுவிட்டால் குற்றம் கருவியில், தொடர்ந்தால் தொட்டியில்.

ஆவியாதலுக்கும் கசிவுக்கும் இன்னொரு வேற்றுமை உண்டு. கசியும் நீர் தன்னில் கரைந்த உப்பையும் கொண்டுபோகிறது. ஆவியாகும் நீர் உப்பை விட்டுவிட்டுப் போகிறது. லிட்டருக்கு 600 மில்லிகிராம் உப்புள்ள ஆழ்துளைக் கிணற்று நீரால் தொட்டியை நிரப்பி, நாள்தோறும் ஆவியாகும் 0.9 லிட்டரை அதே நீரால் ஈடு செய்துவந்தால், ஒரு மாதத்தில் உப்பு லிட்டருக்கு 900 மில்லிகிராம் ஆகிவிடும். ஆகவே ஆவியான நீருக்கு ஈடாகத் தூய்மையாகப் பிடித்துவைத்த மழைநீரை ஊற்றுவதே முறை.

தோல் பதனிடும் தொழில் மிகுந்த நம் பகுதிக்கு இது பெரிதும் பொருந்தும். தோலைக் கெடாமல் காக்கும் உப்பும், பதனிடும் குரோமிய உப்புகளும் கழிவுநீரோடு பாலாற்றுப் படுகையில் கலந்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் இடம்பெற அத்தீர்ப்பு வழிசெய்தது. நிலத்தடி நீரில் ஏறிய உப்பு எளிதில் இறங்குவதில்லை என்பதை உங்கள் தொட்டியே உங்களுக்குக் காட்டும். உப்பு மிகுந்த கடின நீருக்கு வாலிஸ்னீரியா, ஹைட்ரில்லா ஆகிய செடிகள் ஏற்றவை; நீரில் உள்ள பைகார்பனேட்டிலிருந்தும் அவை கரியைப் பெற வல்லவை.

மின்தடையும் வடிகுழாயும்

உயரத்தில் உள்ள நீரைக் குழாய் வழியாகக் கீழே இறக்கும் சைபனை நீங்கள் அறிவீர்கள். வடிகட்டியின் குழாய் கழன்றுவிட்டால் அது சைபனாக மாறி, உறிஞ்சும் வாய் எங்கிருக்கிறதோ அதுவரை நீரை வடித்துவிடும். அவ்வாய் அடிமட்டத்தில் இருந்தால் மீன்கள் தரைமண்ணில் துடிக்கும். 10 செ.மீ. உயரத்தில் பொருத்தினால் எப்படியும் 18 லிட்டர் எஞ்சும். நீரைத் திருப்பிக் கொண்டுவரும் குழாயில், நீர்மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே ஒரு சிறு துளை இடுங்கள். மட்டம் அத்துளைக்கு இறங்கியதும் காற்று நுழைந்து சைபன் அறுந்துவிடும்.

காற்றடிக்கும் பம்பு தொட்டியைவிடத் தாழ்வாக இருந்தால் மின்தடையின்போது நீர் குழலில் ஏறி, விளிம்பைத் தாண்டி, பம்புக்குள்ளேயே வரக்கூடும். பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். அல்லது நீரைப் பின்னோக்கி வரவிடாத ஒருவழி வால்வைக் குழலில் பொருத்துங்கள்.

வாயுவும் கசியும்

செடிகள் ஒளிச்சேர்க்கை செய்யக் கரியமில வாயு தேவை. போட்டித் தொட்டிகளில் அதனைச் சிலிண்டரிலிருந்து செலுத்துவார்கள். சோப்புக் கரைசலை இணைப்புகளில் தடவினால் குமிழி வரும் இடத்தில் வாயுக் கசிவு. 20 பாகை செல்சியஸில் இச்சிலிண்டரின் உள்ளே அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 57 மடங்கு. 31 பாகையே கரியமில வாயுவின் மாறுநிலை வெப்பநிலை. அதற்குமேல் அது திரவமாக இருக்க இயலாது, அழுத்தமும் விரைந்து ஏறும். நம் ஊர் வெயிலில் சிலிண்டரை வைப்பது எவ்வளவு தீங்கு என்று எண்ணிப் பாருங்கள்.

சமையல் சோடாவையும் எலுமிச்சை அமிலத்தையும் புட்டியில் கலந்து வாயு தயாரிக்கும் முறையும் உண்டு. 84 கிராம் சோடா முழுவதும் வினைபுரிந்தால் 24 லிட்டர் வாயு வரும். வெளிவழி அடைத்துக்கொண்டால் புட்டி வெடிக்கும். கண்ணாடிப் புட்டியை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். ஆசிரியர் உடனில்லாமல் செய்யவும் வேண்டாம். இரவில் செடிகள் கரியமில வாயுவை வெளியிடுவதால் அப்போது வாயுவை நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் மீன்கள் நீர்மட்டத்தில் வாய் பிளந்து திணறும்.

கசிந்துவிட்டால் என்ன செய்வது?

1. முதலில், உலர்ந்த கையால் சுவரில் உள்ள மின்சுவிட்சை அணையுங்கள். 230 வோல்ட் மின்சாரமும் உப்பு கரைந்த நீரும் சேர்ந்தால் உயிருக்கு உலை. தரையில் தேங்கிய நீர் மின்பலகையைத் தொட்டிருந்தால் கிட்டே போகாமல் வீட்டின் முதன்மைச் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சுற்றைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருப்பது மிக நன்று.

2. தொட்டி நீரையே வாளியில் வடித்து மீன்களை அதில் விடுங்கள். வடிகட்டியின் பஞ்சையும் அதே நீரில் அமிழ்த்துங்கள். மீன்களின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் அப்பஞ்சில் வாழ்கின்றன. குளோரின் கலந்த குழாய் நீர் அவற்றைக் கொன்றுவிடும்.

3. செடிகளை ஈரத் தாளில் சுற்றி நிழலில் வையுங்கள்.

4. கண்ணாடி இணைப்பில் கசிவென்றால், பழைய சிலிக்கோனைப் பிளேடால் முற்றிலும் சுரண்டி எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, உலர்ந்தபின் உட்புறமாகப் புதிய சிலிக்கோன் பூசுங்கள். வெளிப்புறம் பூசினால் நீரழுத்தம் அதைப் பிய்த்துத் தள்ளும். உட்புறம் பூசினால் அதே அழுத்தம் அதைக் கண்ணாடியோடு சேர்த்து அழுத்தும். பூஞ்சைக்கொல்லி கலந்த குளியலறைச் சிலிக்கோன் மீன்களுக்கு நஞ்சு. பூச்சு இறுக இரண்டு நாளாவது விட வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மின்கம்பி தொட்டியிலிருந்து நேரே பிளக்குக்குச் செல்லக்கூடாது. பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்குமாறு விடுங்கள். கம்பி வழியே வழியும் நீர் அவ்வளைவின் அடியிலிருந்து தரையில் சொட்டிவிடும், பிளக்கை எட்டாது. செலவில்லாத காவல் இது.

செய்து பாருங்கள்

(1) உங்கள் தொட்டியின் நீளத்தையும் நீர் உயரத்தையும் அளந்து, முன்கண்ணாடிமேல் விசை எவ்வளவு என்று கணக்கிடுங்கள்.

(2) வாளிச் சோதனையை நிழலில் ஒரு நாளும், மின்விசிறிக் காற்றில் ஒரு நாளும் செய்து, ஆவியாதல் எத்தனை மடங்கு கூடுகிறது எனக் காணுங்கள்.

(3) வடிகட்டியைத் தரையில் வைக்காமல் தொட்டிக்குப் பக்கத்தில், மேசைமேலேயே வைத்தால் மூடி வளையத்தின்மேல் அழுத்தம் கூடுமா, குறையுமா? ஏன்?