முதலில் கவனிக்கும் மருத்துவர்

தெமியாங்கிலும் நெகிரி செம்பிலானின் தோட்டப்புறங்களிலும், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பெற்றோர் முதலில் நாடுவது அருகிலுள்ள கிளினிக்கைத்தான். அங்குக் குழந்தையை அடிக்கடி காணும் குடும்ப மருத்துவரே, ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கத்தின் அறிகுறிகளையும் முதலில் கண்டறியக்கூடியவர்.

ஆட்டிசம் தொற்றுநோயன்று, மூளை வளர்ச்சியில் ஏற்படும் வேறுபாடு. 1943-ஆம் ஆண்டில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரை இதனை மருத்துவ உலகின் கவனத்திற்குக் கொண்டு வந்தது. பெற்றோரின் வளர்ப்போ தடுப்பூசியோ இதற்குக் காரணமல்ல.

மலேசியாவின் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில், 18 மாதத்திலும் 3 வயதிலும் ‘எம்-சாட்’ எனும் வினாப்பட்டியல் பயன்படுத்தப்படுகிறது. பெயர் சொல்லி அழைத்தால் குழந்தை திரும்பிப் பார்க்கிறதா? வாசலில் போகும் பூனையை விரலால் சுட்டிக் காட்டுகிறதா? மற்றக் குழந்தைகளோடு விளையாட விரும்புகிறதா? இத்தகைய கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில்கள் இறுதி முடிவல்ல. மேலும் ஆராய வேண்டுமா என்பதை மட்டுமே காட்டும். பகலில் குழந்தையைப் பாட்டி பார்த்துக்கொண்டால், அவரிடமும் தமிழில் கேட்டறிவது நன்று.

“ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான்”, “வீட்டில் மூன்று மொழி கேட்கிறான், அதனால்தான் பேச்சு வரவில்லை” என உறவினர்கள் ஆறுதல் கூறுவதுண்டு. பல மொழிகளைக் கேட்பதால் ஆட்டிசம் உண்டாவதில்லை. இந்த ஆறுதலை நம்பிக் காத்திருந்தால், பயிற்சி நன்கு பலன் தரும் இளம்பருவம் கைநழுவிவிடும்.

ஆகவே, ஐயம் எழுந்தவுடன் மருத்துவர் செவித்திறன் சோதனைக்கு ஏற்பாடு செய்கிறார். சிரம்பானிலுள்ள துவாங்கு ஜாஃபர் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையின் குழந்தைநல நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதமும் எழுதுகிறார். குழந்தை எந்த வயதில் நடந்தது, எத்தனை சொற்கள் பேசுகிறது, எந்தச் செயலைத் திரும்பத் திரும்பச் செய்கிறது என்பவற்றைக் கடிதம் தெளிவாகக் கூற வேண்டும். பெற்றோர் கைப்பேசியில் எடுத்த காணொலியும் நிபுணருக்கு உதவும். அவரைச் சந்திக்கும் நாள் வரும்வரை பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

கடிதத்தோடு குடும்ப மருத்துவரின் பணி முடிவதில்லை. வலியைச் சொல்லத் தெரியாத குழந்தையின் காதுவலியையும் பல்வலியையும் கண்டுபிடிப்பவர் அவரே. நிபுணர் கூறியதைப் பெற்றோருக்கு எளிதாக விளக்குபவரும் அவரே. பெற்றோர் தயங்காமல் கேட்பதும், மருத்துவர் பொறுமையாகச் செவிசாய்ப்பதும் ஒரு குழந்தையின் எதிர்காலத்தை மாற்ற வல்லவை.