கொதித்த எஞ்சின்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

தாம்பரம்–வேளச்சேரி சாலையில், செம்பாக்கத்தருகே ஒரு பழைய லாரி கொதித்து நின்றுவிட்டதாகக் கொள்வோம். எஞ்சினைப் பழுது பார்ப்பதா, மாற்றுவதா? உரிமையாளரின் பிழைப்பே இதில் அடங்கியிருக்கிறது. விடை காண வெப்ப விரிவு பற்றிய பாடம் உதவும்.

வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அலுமினியம் தன் நீளத்தில் 10 இலட்சத்தில் சுமார் 23 பங்கு விரியும். வார்ப்பிரும்பு சுமார் 11 பங்குதான். 100 மி.மீ. விட்டமுள்ள அலுமினியப் பிஸ்டனும் வார்ப்பிரும்புச் சிலிண்டரும் வழக்கத்தைவிட 100 டிகிரி கூடுதலாகச் சூடானால், முன்னது 0.23 மி.மீ., பின்னது 0.11 மி.மீ. விரியும். இடையிலுள்ள வெளி 0.12 மி.மீ. குறைந்து, பிஸ்டன் உராய்ந்து இறுகக்கூடும்.

ஆகவே எஞ்சினை ஆறவிட்டு, பிரித்து, அளந்து பார்க்க வேண்டும். சிலிண்டர் ஹெட் சற்றே வளைந்திருந்தால் பட்டறையில் சமப்படுத்தலாம். கீறல் விழுந்த லைனரையும் பிஸ்டனையும் மாற்றலாம். பிளாக்கே பெரிதாக வெடித்திருந்தால் வேறு எஞ்சின்தான் மேல். நடுத்தரச் சேதமாயின், உதிரிப்பாக விலை, கூலி, லாரி ஓடாத நாட்களின் வருமான இழப்பு ஆகியவற்றைக் கூட்டி, மாற்று எஞ்சினின் செலவோடு ஒப்பிட வேண்டும்.

எதைச் செய்தாலும், கொதித்ததன் காரணத்தைக் களைய வேண்டும். ரேடியேட்டர் அடைப்பு நீங்காவிட்டால் புது எஞ்சினும் கொதிக்கும்!

மாணவர்களே, பிஸ்டனின் விட்டம் 120 மி.மீ. ஆனால் இடைவெளி எவ்வளவு குறையும்? கணக்கிட்டுப் பாருங்கள்.