நட்பு இருக்கை

2005ஆம் ஆண்டில் ஒரு நாள், சிம்பாப்வே நாட்டின் தலைநகரான ஹராரேயில் பணியாற்றிய மனநல மருத்துவர் டிக்சன் சிபண்டாவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர், அவரிடம் சிகிச்சை பெற்றுவந்த ஓர் இளம்பெண்ணின் தாயார். மகள் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள் என்று அவர் தெரிவித்தார். அந்தப் பெண்ணுக்குக் கடுமையான மனச்சோர்வு நோய் இருந்தது. நிலைமை மோசமானால் உடனே ஹராரேக்கு அழைத்து வரவேண்டும் என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். ஏன் வரவில்லை என்று மருத்துவர் கேட்டார். பேருந்துக் கட்டணத்துக்குத் தேவையான 15 டாலர் தங்களிடம் இல்லை என்றார் தாயார்.

அந்த நோய்க்கு மருந்து இருந்தது. மருத்துவரும் இருந்தார். குடும்பத்தினருக்கு அக்கறை இல்லாமலும் இல்லை. நோயாளிக்கும் மருத்துவமனைக்கும் இடையே இருந்த தொலைவே அவளைக் கைவிட்டது. நோயாளி மருத்துவமனைக்கு வரட்டும் என்று காத்திருப்பது சரியான முறைதானா என்ற கேள்வி சிபண்டாவை விடாமல் துரத்தியது.

அக்காலத்தில் சிம்பாப்வேயின் மக்கள்தொகை 12 மில்லியனுக்கும் அதிகம். அங்கிருந்த மனநல மருத்துவர்களையோ விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களிலும் பெரும்பாலோர் தலைநகரில்தான் இருந்தனர். புதிய மருத்துவர் ஒருவரை உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும். உருவானவரும் நல்ல சம்பளம் தேடி வெளிநாட்டுக்குச் சென்றுவிடலாம். இந்தக் கணக்கை எப்படிப் போட்டுப் பார்த்தாலும் விடை ஒன்றுதான்: மருத்துவர்களை மட்டும் நம்பினால், தேவைப்படுவோருக்கு உதவி ஒருநாளும் போய்ச் சேராது.

அதே 2005ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் நகரங்களிலிருந்த சட்டவிரோதக் குடியிருப்புகளையும் சிறு கடைகளையும் இடித்துத் தள்ளியது. ஏறக்குறைய 700,000 பேர் வீட்டையோ தொழிலையோ இரண்டையுமோ இழந்தார்கள் என ஐக்கிய நாட்டு நிறுவனம் மதிப்பிட்டது. ஹராரேயின் ம்பாரே வட்டாரமும் அதில் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. மக்கள் நெருக்கமாக வாழும் ஏழை வட்டாரம் அது. எச்ஐவி கிருமித்தொற்றும் அங்கு பல குடும்பங்களை ஏற்கெனவே உலுக்கியிருந்தது. அங்கு மனநலச் சேவை தொடங்க விரும்பிய சிபண்டாவுக்குக் கிடைத்த பதில் ஊக்கமளிப்பதாக இல்லை. மருந்தகத்தில் அறை இல்லை. தாதியர் அனைவருக்கும் வேலை தலைக்குமேல் இருந்தது. வேண்டுமானால் 14 பாட்டிமார்களை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

இந்தப் பாட்டிமார்கள் ஏற்கெனவே நகரச் சுகாதாரத் துறையின் தொண்டூழியர்களாக இருந்தவர்கள். வீடு வீடாகச் சென்று துப்புரவு பற்றியும் நோய்த்தடுப்பு பற்றியும் எடுத்துச் சொல்பவர்கள். அவர்களை ஷோனா மொழியில் 'அம்புயா உட்டானோ', அதாவது 'சுகாதாரப் பாட்டி' என்று மக்கள் அழைத்தனர். உயர்கல்வி பெறாத முதிய பெண்களைக் கொண்டு மனநோய்க்குச் சிகிச்சை அளிப்பதா? சிபண்டாவுக்கே முதலில் நம்பிக்கை பிறக்கவில்லை. ஆனால் வேறு வழியும் இல்லை. 2006ஆம் ஆண்டில் வேலை தொடங்கியது. அறை இல்லாததால், மருந்தக வளாகத்தில் மர நிழலில் ஒரு மர இருக்கை போடப்பட்டது.

தொடக்கத்திலேயே ஒரு சிக்கல். மருத்துவர் அந்த இருக்கைக்கு 'மனநல இருக்கை' என்று பெயர் வைத்தார். யாரும் வந்து உட்காரவில்லை. ஊரே பார்க்கும் இடத்தில் அத்தகைய பெயருடைய இருக்கையில் அமர்ந்தால், 'இவனுக்குப் பைத்தியம்' என்ற பேச்சு மறுநாளே பரவிவிடுமே! பாட்டிமார்கள்தாம் பெயரை மாற்றச் சொன்னார்கள். அது 'நட்பு இருக்கை' ஆனது. ஆட்கள் வரத் தொடங்கினர்.

பாட்டிமார்கள் மாற்றியது பெயரை மட்டுமன்று. 'மனச்சோர்வு நோய்', 'மனப்பதற்ற நோய்' போன்ற மருத்துவச் சொற்களைச் சொன்னால் மக்கள் மிரண்டுவிடுவார்கள் என்பது அவர்கள் கருத்து. ஷோனா மொழியில் மக்களே பயன்படுத்தும் ஒரு சொல் இருந்தது: 'குஃபுங்கிசிசா'. அளவுக்கு மீறி யோசித்துக்கொண்டே இருத்தல் என்பது அதன் பொருள். நம் வீடுகளிலும், "ராத்திரியெல்லாம் எதையோ யோசித்து யோசித்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறாள்" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கலாம். ஏறக்குறைய அதே பொருள்தான்.

இந்தச் சொல்லை ஆய்வாளர்களும் அறிந்திருந்தனர். இந்தியாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் விக்ரம் பட்டேல் 1990களில் ஹராரேயில் ஆய்வு செய்தவர். மக்கள் தங்கள் துன்பத்தை எந்தச் சொற்களால் விவரிக்கிறார்கள் என்பதை அவரும் உடன் பணியாற்றியவர்களும் கவனித்துக் குறித்தனர். அதிலிருந்து 14 கேள்விகள் கொண்ட ஒரு வினாப்பட்டியல் ஷோனா மொழியிலேயே உருவானது. கடந்த ஒரு வாரத்தில் அதிகமாக யோசித்தீர்களா, தூக்கம் வராமல் தவித்தீர்களா, வயிறு வலித்ததா, அழுதீர்களா அல்லது அழவேண்டும்போல் இருந்ததா என்பன போன்ற கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 'ஆம்' அல்லது 'இல்லை' என்றால் போதும். வேறு நாட்டில் தயாரித்த வினாப்பட்டியலை மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தால், வயிற்று வலிக்கும் மனத்துயருக்கும் உள்ள தொடர்பு அதில் இடம்பெறாமலே போயிருக்கலாம்.

இருக்கையில் நடப்பது என்ன? ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்க்கலாம். இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான ஒரு பெண். கணவனுக்கு வேலை இல்லை. வாடகை பாக்கி. தனக்கு எச்ஐவி இருப்பதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. தலைவலி என்று மருந்தகத்துக்கு வந்தவளைத் தாதி இருக்கைக்கு அனுப்புகிறார். பாட்டி 14 கேள்விகளையும் கேட்கிறார். பிறகு, "சொல்லம்மா, கேட்கிறேன்" என்கிறார். அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்கிறாள். பாட்டி குறுக்கிடுவதில்லை, உடனே அறிவுரை சொல்லவும் தொடங்குவதில்லை. இந்தக் கட்டத்துக்கு 'மனத்தைத் திறத்தல்' என்று பெயர்.

அடுத்தது 'தூக்கி நிறுத்துதல்'. சொன்ன சிக்கல்களுள் எதை முதலில் எடுத்துக்கொள்ளலாம் என்று பாட்டி கேட்கிறார். தேர்ந்தெடுக்க வேண்டியவள் அந்தப் பெண்தான். அவள் எச்ஐவியையோ கணவனையோ தேர்ந்தெடுக்காமல் வாடகையைத் தேர்ந்தெடுக்கலாம். பாட்டிக்கு அது சரியான வரிசையாகத் தோன்றாவிட்டாலும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். வாடகைக்கு என்னென்ன வழிகள் உண்டு, அவற்றுள் இந்த வாரமே செய்யக்கூடியது எது என்று இருவரும் பேசுகிறார்கள். வீட்டுக்காரரைச் சந்தித்துத் தவணை கேட்பது என்று முடிவாகிறது. மூன்றாவது கட்டம் 'வலுப்படுத்துதல்'. அடுத்த முறை அவள் வரும்போது, செய்தது என்ன, நடந்தது என்ன என்று பாட்டி விசாரிக்கிறார். வீட்டுக்காரர் மறுத்திருந்தால், வேறு வழியை யோசிக்கிறார்கள். இப்படி ஆறு சந்திப்புகள்.

இது வெறும் ஆறுதல் பேச்சன்று. 'சிக்கல் தீர்க்கும் சிகிச்சை' என்று உளவியலில் அழைக்கப்படும் முறையே இது. மனச்சோர்வால் வாடுபவருக்கு எல்லாத் துன்பங்களும் ஒன்றாகத் திரண்டு ஒரு மலைபோலத் தோன்றும். எதைத் தொட்டாலும் பயனில்லை என்ற எண்ணமே அவரை முடக்கிவிடும். அந்த மலையிலிருந்து ஒரு கல்லை மட்டும் எடுத்து நகர்த்த முடிந்தால், அடுத்ததையும் நகர்த்தலாம் என்ற எண்ணம் பிறக்கிறது. வாடகைச் சிக்கல் தீர்ந்ததைவிட, தானே தீர்த்தோம் என்பதுதான் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும் மருந்து.

சந்திப்புகளுக்குப் பிறகு பெண்கள் ஒரு குழுவில் சேரலாம். வட்டமாக அமர்ந்து, பழைய நெகிழிப் பொருள்களைக் கொண்டு கைப்பைகள் பின்னுவார்கள். பின்னிக்கொண்டே பேசுவார்கள். பையை விற்றால் சிறிது பணமும் கிடைக்கும்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதனால் உண்மையிலேயே நோய் குறைகிறதா? நல்ல கதை சான்றாகிவிடாது. மனச்சோர்வு சிலருக்குக் காலப்போக்கில் தானாகவே குறைவதும் உண்டு. பாட்டியிடம் பேசியவர் ஆறு மாதத்தில் தேறிவிட்டார் என்றால், தேற்றியது பாட்டியா, காலமா என்று எப்படிச் சொல்வது?

இதை அறிய ஹராரேயின் 24 மருந்தகங்களில் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. வினாப்பட்டியலில் 14க்கு 9 அல்லது அதற்கு மேல் 'ஆம்' என்று சொன்ன 573 பேர் அதில் பங்கேற்றனர். எந்த மருந்தகத்தில் நட்பு இருக்கை இருக்கும், எதில் இருக்காது என்பது குலுக்கல் போன்ற முறையில் முடிவு செய்யப்பட்டது. ஆய்வாளர் தமக்கு விருப்பமான மருந்தகங்களைப் பொறுக்கி எடுத்தால் முடிவு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் அல்லவா? இருக்கை கிடைக்காத பிரிவினரும் கைவிடப்படவில்லை. அவர்களுக்கு வழக்கமான சிகிச்சையோடு, நோயைப் பற்றிய விளக்கமும் தேவையானால் மருந்தும் கிடைத்தன.

ஆறு மாதங்களுக்குப் பிறகு இரு பிரிவினரிடமும் மீண்டும் கேள்விகள் கேட்கப்பட்டன. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களின் சராசரி 8.90. அதாவது அவர்கள் ஏறக்குறைய தொடக்க எல்லையிலேயே நின்றார்கள். பாட்டிமார்களிடம் பேசியவர்களின் சராசரி 3.81. மனச்சோர்வு அறிகுறிகளை மட்டும் தனியாக அளந்தபோது, முதல் பிரிவில் 49.9 விழுக்காட்டினருக்கு அவை இருந்தன. பாட்டிமார்களின் பிரிவில் 13.7 விழுக்காட்டினருக்கே இருந்தன. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் 2016 டிசம்பரில் இந்த முடிவு வெளியானது. காலம் இரு பிரிவினருக்கும் ஒரே ஆறு மாதந்தான். வேறுபாட்டை உண்டாக்கியது இருக்கைதான் என்று சொல்ல இப்போது சான்று கிடைத்துவிட்டது.

மனநலத் துறையில் இத்தகைய முயற்சிகளைப் பற்றி எழும் அச்சம் நியாயமானது. பயிற்சி குறைந்தவர் ஆபத்தான அறிகுறியைக் கவனிக்கத் தவறினால் என்ன ஆவது? ஏழைகளுக்குப் பாட்டி, பணக்காரர்களுக்கு மருத்துவர் என்று இரண்டு வகைச் சிகிச்சை உருவாகிவிடாதா? முதல் கேள்விக்கு ஹராரேயில் வகுத்த விதி தெளிவானது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்பதும் அந்த 14 கேள்விகளில் ஒன்று. அதற்கு 'ஆம்' என்ற பதில் வந்தால், பாட்டி தனியாக முடிவெடுக்கக் கூடாது. மேற்பார்வையாளரிடம் உடனே தெரிவிக்க வேண்டும். அங்கிருந்து தாதி, மருத்துவர் என்று உதவி தொடரும். இல்லாத குரல்கள் காதில் கேட்பது போன்ற கடுமையான மனநோய் உடையவர்களுக்கும் மருத்துவரே சிகிச்சை அளிப்பார். பாட்டிமார்கள் மருத்துவருக்கு மாற்றாக வரவில்லை. பாட்டியிடம் பேசித் தீரக்கூடியவர்கள் இருக்கையில் தேறிவிடுவதால், சில மருத்துவர்களே உள்ள நாட்டில் அவர்களின் நேரம் மிகவும் தேவைப்படுவோருக்குக் கிடைக்கிறது. 15 டாலர் இல்லாத குடும்பத்துக்கும் நடந்து போகும் தூரத்தில் ஒருவர் இருக்கிறார்.

இரண்டாவது கேள்வி அவ்வளவு எளிதில் தீராது. பாட்டிமார்கள் நன்றாகச் செய்கிறார்களே என்று சொல்லி, அரசாங்கங்கள் மருத்துவர்களுக்கான செலவைக் குறைத்துவிடவும் வழி இருக்கிறது. ஆனால், பணக்கார நகரங்களும் இந்த முறையை விரும்பி ஏற்றிருப்பதை இங்குக் குறிப்பிடவேண்டும். மலாவி, சான்சிபார் ஆகிய இடங்களுக்குச் சென்ற நட்பு இருக்கை நியூயார்க் நகரத் தெருக்களிலும் போடப்பட்டது. அங்கு பாட்டிமார்கள் மட்டுமல்லாமல் வெவ்வேறு வயதினரும் செவிகொடுத்துக் கேட்டார்கள். 2022ஆம் ஆண்டில் கத்தாரில் உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டி நடந்தபோது, பங்கேற்ற 32 நாடுகளைக் குறிக்கும் வகையில் 32 இருக்கைகள் வைக்கப்பட்டன.

காற்பந்து அரங்கைத் தேடிப் போனதற்கு ஒரு பொருத்தமும் இருக்கிறது. ஹராரே ஆய்வில் பங்கேற்ற 573 பேரில் 495 பேர் பெண்கள். ஆண்களுக்குத் துன்பம் இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. வேலை போனவர்களும் வீடு இடிந்தவர்களும் அவர்களிலும் இருந்தார்கள். மருந்தகத்துக்கு வருவதும், வந்தபின் அழுவதும் ஆணுக்கு அழகல்ல என்று அங்கும் பலர் எண்ணுகிறார்கள். பாட்டி காத்திருக்கிறார், இருக்கையில் இடமும் இருக்கிறது. அவர்களை அங்கு வரவழைப்பது எப்படி என்பதற்கு இன்னும் முழுமையான விடை கிடைக்கவில்லை.