தொப்பூர் இறக்கத்தை முதலில் தாளில் ஓட்டிப் பாருங்கள்

தருமபுரியிலிருந்து சேலம் போகும் லாரிக்காரர்கள் தொப்பூர் கணவாயில் பிரேக்கை நினைத்துத்தான் இறங்குவார்கள். சூரியசக்தி வண்டி கட்டும் கல்லூரி மாணவர்களும் வயரிங்குக்கு முன் அந்த இறக்கத்தை நினைக்க வேண்டும். 300 கிலோ வண்டி 100 மீட்டர் கீழிறங்கினால் 80 வாட்-மணிக்குச் சற்று மேல் ஆற்றல் வெளிப்படும். மோட்டாரே பிரேக்காகி அதில் ஒரு பகுதியை பேட்டரிக்குத் திருப்பும். பேட்டரி ஏற்கெனவே நிறைந்திருந்தால் பேட்டரியைக் காக்கும் மின்னணுச் சுற்றான பி.எம்.எஸ். இணைப்பைத் துண்டிக்கும், மோட்டார் பிரேக்கும் அந்தக் கணமே போய்விடும். ‘போதும்’ என்ற தகவல் அதற்கு முன்பே மோட்டார் கன்ட்ரோலரை அடைந்தாக வேண்டும்.

செய்ய வேண்டியவை

• போர்டு வாங்குமுன் தகவல் பட்டியல் எழுதுங்கள். வண்டியின் கருவிகள் ஒரே வயர் ஜோடியில் தகவல் பரிமாற, பாஷ் நிறுவனம் 1986-இல் வெளியிட்ட கேன் பஸ்ஸில் இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் பேசினால், சிறிய எண் கொண்ட தகவல் தொடரும், மற்றது காத்திருக்கும். பி.எம்.எஸ். எச்சரிக்கைக்கே மிகச் சிறிய எண். பேனல் வெப்பநிலைத் தகவல் காத்திருக்கலாம்.

• கேன் பஸ்ஸின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர். மின்சாரத்தை நிறுத்திவிட்டு மல்டிமீட்டரில் பாருங்கள்: 60 வர வேண்டும். 120 வந்தால் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. 40 வந்தால் ஒன்று அதிகம்.

• கட்டளை வருவது நின்றால் மோட்டார் தானாகவே விசையை விட வேண்டும். கடைசிக் கட்டளையைப் பிடித்துக்கொண்டே ஓடும் வண்டி ஆபத்தானது.

• எல்லாவற்றையும் வண்டியிலேயே எஸ்.டி. கார்டில் பதியுங்கள். மலை வளைவில் ரேடியோ சிக்னல் விட்டுப்போகும்.

செய்யக்கூடாதவை

• பாதுகாப்பை ரேடியோவிடம் ஒப்படைக்காதீர்கள். ரேடியோ வழியே தகவல் அனுப்பும் டெலிமெட்ரி, பின்னால் வரும் குழு வேகத்தைத் திட்டமிடத்தான். அவசர நிறுத்தத்துக்குத் தனி வயர், தனி சுவிட்ச்.

• கேன் வயரை முறுக்காமல் விடாதீர்கள். மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டவும் கூடாது.

• விலை மலிவென்று 915 மெகாஹெர்ட்ஸ் லோரா ரேடியோ மாட்யூல் வாங்காதீர்கள். 1987-இல் தொடங்கிய, ஆஸ்திரேலியாவின் டார்வினிலிருந்து அடிலெய்டு வரை ஏறத்தாழ 3,000 கி.மீ. ஓடும் சூரியசக்தி வண்டிப் போட்டிக்கு வண்டி கட்டுகிறது சென்னை ஐ.ஐ.டி.யின் அக்னிரத் குழு. அந்த ஆஸ்திரேலியாவில் 915 செல்லும். இங்கே உரிமமின்றிப் பயன்படுத்த 865–868தான்.

• மோட்டார் பிரேக்கை நம்பி டிஸ்க் பிரேக்கைச் சிறிதாக்காதீர்கள்.

• சோதனைக்காகத் தொப்பூர் நெடுஞ்சாலையில் வண்டியை இறக்கவே இறக்காதீர்கள். அங்கே உங்களுக்குப் பின்னால் வருவது பாரம் ஏற்றிய லாரி. வண்டியின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, நிறைந்த பேட்டரியின் தகவலைக் கணினியிலிருந்து கேன் பஸ்ஸுக்கு அனுப்பி, மோட்டார் என்ன செய்கிறதென்று கல்லூரிப் பட்டறையிலேயே பாருங்கள்.