சாயத்துளியும் நொய்யலும்

கண்ணாடிக் குவளையில் உள்ள அசைவற்ற நீரில் ஒரு துளி நீலச்சாயம் இடுவோம். துளியின் விளிம்பு கரைந்து, நீலம் மெல்ல எங்கும் படரும். இதுவே விரவல். விரவிய சாயம் தானாக மீண்டும் துளியாகத் திரள்வதை எவரும் கண்டதில்லை. ஏன்?

விடை எண்ணிக்கையில் உள்ளது. நான்கு துகள்களை இரு அறைகளில் இடுவதாகக் கொள்வோம். நான்கும் இடப்பக்க அறையிலேயே அமைய ஒரு வழிதான் உண்டு. இரண்டிரண்டாகப் பிரிந்தமைய ஆறு வழிகள் உண்டு. துகள்கள் கோடிக்கணக்கில் பெருகினால், பரவிய நிலைக்குரிய வழிகள் எண்ணிலடங்கா. அவ்வழிகளின் எண்ணிக்கையை மடக்கையால் அளப்பதே என்ட்ரோபி. 1865இல் கிளாசியஸ் இச்சொல்லை உருவாக்கினார். 1877இல் போல்ட்ஸ்மன் அதனை வழிகளின் எண்ணிக்கையோடு இணைத்தார்.

விரவலின் வேகத்தையும் இவ்வளவை காட்டும். தொடக்கத்தில் என்ட்ரோபி விரைந்து உயரும். பின்னர் அவ்வுயர்வு தளரும். நிறம் எங்கும் சமமானதும் நின்றுவிடும். அசைவற்ற நீரில் இருமடங்கு தொலைவு பரவ நான்கு மடங்கு காலம் வேண்டும். வெந்நீரில் துகள்கள் விரைந்து இயங்குவதால் என்ட்ரோபியும் விரைந்து உயரும். ஆற்றிலோ, ஓட்டமும் சுழிப்பும் சேர்ந்து கலத்தலை இன்னும் விரைவுபடுத்தும்.

குவளையில் கண்ட இவ்வுண்மையைக் கொங்கு மண் பெரும் விலை கொடுத்துக் கற்றது. வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றும் நொய்யல், கோவை, திருப்பூர் வழியே ஓடிக் காவிரியில் கலக்கிறது. பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்கு உப்பு மிகுதியாகச் சேர்க்கப்படும். அவ்வுப்பும் சாயமும் கழிவுநீரோடு ஆற்றில் கலந்தன. பாசனத்திற்காக 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, கழிவு தேங்கும் இடமாயிற்று. கிணறுகள் உவர்த்தன; வயல்கள் பாழ்பட்டன; உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். கழிவுநீரை முற்றிலும் வெளியேற்றாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது.

இன்று கழிவுநீரை அழுத்தத்துடன் சவ்வின் வழியே செலுத்தி நன்னீரைப் பிரிக்கின்றனர். எஞ்சிய உவர்நீரைக் கொதிக்கவைத்து உப்பை மீட்கின்றனர். இங்கே நீரின் என்ட்ரோபியைக் குறைப்பதற்கு ஆற்றலைச் செலவிடுகின்றோம். அச்செலவால் சுற்றுப்புறத்தின் என்ட்ரோபி அதைவிட மிகுதியாகப் பெருகுகிறது. கலவை நீர்க்க நீர்க்க, அதே அளவு உப்பை மீட்கத் தேவையான ஆற்றலும் கூடும். ஆகவே, கழிவைப் பட்டறையின் தொட்டியிலேயே பிரித்தல் வேண்டும். ஆற்றில் கலந்தபின் பிரிக்க முயல்வோர், இயற்கை விரைந்து செய்ததை ஒவ்வொரு துகளுக்கும் விலை கொடுத்தே மாற்ற இயலும்.