வால்வை மூடுவது யார் கடமை?

கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் பகவான் யக்ஞச் சக்கரத்தைப் பற்றி விளக்குகிறார். உணவுக்கு மழையும், மழைக்கு யக்ஞமும் ஆதாரம். பெற்றதற்கு ஈடாக எதையும் அளிக்காமல் அனுபவிப்பவனைத் திருடன் என்றே அவர் கூறுகிறார். இவ்வுபதேசம் ஹோமகுண்டத்தின் முன் அமர்பவருக்கு மட்டும் உரியதன்று. தண்ணீர்க் குழாயைத் திறக்கும் ஒவ்வொருவருக்கும் உரியது.

தாழ்ந்த இடத்தை நோக்கி ஓடுவது நீரின் இயல்பு. பெங்களூரிலோ காவிரி மேலேறி வருகிறாள். மண்டியா மாவட்டத்துத் தொரேகாடனஹள்ளியிலிருந்து ஹாரோஹள்ளி, தாதகுணி வழியாக மூன்று நிலைகளில் இறைக்கப்பட்டு, சுமார் 100 கிலோமீட்டர் தூரமும் 500 மீட்டர் உயரமும் கடந்து அந்நகரை அடைகிறாள். 2024 மார்ச்சில் கடும் தட்டுப்பாடு நேர்ந்தபோது, குடிநீரால் வாகனம் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் வழங்கும் ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. எத்தனை திட்டங்கள் வந்தாலும், நீர் கடைசியாக வந்து சேருவது நம் வீட்டு மெயின் வால்வுக்குத்தான்.

அடுக்குமாடி வீடு ஒன்றைப் பூட்டிவிட்டு ஒரு குடும்பம் காசி யாத்திரை செல்வதாகக் கொள்வோம். வாஷ்பேசினின் கீழுள்ள இணைப்புக் குழாய் வெடித்து, நிமிடத்துக்கு 10 லிட்டர் கொட்டினால், பத்து மணி நேரத்தில் 6,000 லிட்டர் வீணாகும். கீழ்வீட்டாரின் கூரை ஊறும், சுவர் பாழாகும். கங்கையில் நீராடச் சென்றவர்கள் காவிரியைச் சாக்கடையில் விட்டவர்களாவார்கள்.

அவ்வேளையில், “குடியிருப்பவர் பொறுப்பு” என்பார் உரிமையாளர். “உரிமையாளர் பொறுப்பு” என்பார் குடியிருப்பவர். இருவரும் சங்கத்தைக் காட்டுவர். பழுது பார்க்கும் செலவு யாருடையது என்பதில் வழக்கு இருக்கலாம். அதைப் பிறகு பேசித் தீர்க்கலாம். ஓடும் நீரை நிறுத்துவதில் வழக்கே இல்லை. யார் அருகில் இருக்கிறாரோ, அவருடைய கடமை அது. தனக்கு லாபமோ புகழோ இல்லாவிடினும் பிறர் நலனுக்காகச் செய்யும் இத்தகைய செயலே லோக சங்கிரகம்.

நல்லெண்ணம் மட்டும் போதாது, அறிவும் வேண்டும். வால்வு எங்குள்ளது என்பதை வீட்டிலுள்ள முதியோரும் சிறுவரும் அறிந்திருக்க வேண்டும். பால் வால்வாயின், கைப்பிடி குழாயின் போக்கில் இருந்தால் திறந்துள்ளது, குறுக்கே நின்றால் மூடியுள்ளது. சக்கரம் போன்ற கைப்பிடியுள்ள கேட் வால்வை வலப்புறமாகத் திருகி மூட வேண்டும். நெடுநாள் தொடாத வால்வு இறுகிவிடும். ஆகவே அவ்வப்போது மூடித் திறந்து பழக வேண்டும். வெளியூர் புறப்படுமுன் அதை மூடுபவர் இன்னார் என்று குடும்பத்தில் தீர்மானித்துக்கொள்வதும், அது இருக்குமிடத்தை அண்டை வீட்டாருக்குச் சொல்லி வைப்பதும் நலம்.

யாத்திரை புறப்படுமுன் சுவாமி படத்தின் முன் விளக்கேற்றி வணங்குகிறோம். அத்துடன் வால்வையும் மூடிச் செல்வோமாயின், அதுவும் வழிபாட்டின் ஓர் அங்கமே ஆகும்.